மாம்பழப் பட்டு காத்திருக்கிறது

மயிலாப்பூர்,
28 ஜூலை 2025

மைத்துனர் திரு. சுரேஷ்குமார் அவர்களுக்கு,

வணக்கம். இங்கு அனைவரும் நலம். கோயம்புத்தூரில் நீங்களும் இல்லத்தாரும் நலமாயிருப்பீர்கள் என்று கொள்கிறேன். தொலைபேசியில் பேசினால் நீங்கள் சிரித்துப் பேச்சை மாற்றிவிடுவீர்கள். ஆகவே எழுத்தில் தருகிறேன். நாம் இருவரும் சம உரிமையில் நடத்தும் தியாகராய நகர் ஜவுளிக்கடையின் விளம்பரங்களை நீங்கள் சித்திரை மாதம் ஒரு செயற்கை நுண்ணறிவுத் தளத்திடம் ஒப்படைத்தீர்கள். அதன்பின் நேர்ந்தவை:

1. ஜூன் 11: மயிலாப்பூர் வட்டார வார இதழில் நாம் ஆண்டுக்கணக்காகக் கொடுத்துவந்த விளம்பரம் என்னைக் கேளாமல் நிறுத்தப்பட்டது. அதை யாரும் அழுத்திப் பார்ப்பதில்லை என்பது தளம் கூறிய காரணம். காகிதத்தை யாரும் அழுத்த மாட்டார்கள் என்பது எனக்கும் தெரியும்.

2. ஜூலை 2: நம் நெடுநாள் வாடிக்கையாளரான ஓய்வுபெற்ற ஆசிரியை சந்திரிகா, ஒன்பது கஜம் பருத்திச் சேலை உண்டா என்று கடையின் வாட்ஸ்அப் எண்ணில் கேட்டார். "ஹாய் சந்திரிகா, ஒன்பது கஜம் உங்கள் அளவுக்குப் பெரிதாக இருக்கலாம்" என்று தளம் விடையளித்தது.

3. ஜூலை 17: ஆடி முதல் நாளன்று "ஆடி முகூர்த்தப் பட்டு" என்ற விளம்பரம் ஊர் முழுவதும் சென்றது. பக்கத்துக் கடையில் சேலைக்கு ஓரம் தைக்கும் இனாயத் என்னிடம் வந்து, "இன்னா முதலாளி, ஆடி மாசத்துல முகூர்த்தமா? ஐயருக்கு யார் பதில் சொல்றது, நீங்களா உங்க கம்ப்யூட்டரா?" என்று கேட்டான். கடைப் பணியாளர்கள் முன்னிலையில் கேட்டான்.

4. ஜூலை 24: பட்டினப்பாக்கத்தைச் சேர்ந்த ஆட்டோ ஓட்டுநர் டில்லிபாபு சென்ற ஆண்டு நம்மிடம் ஒரு சேலை வாங்கினார். இறந்துபோன தன் அக்காவின் மீது பிறந்த வீட்டுத் தம்பியாகப் போட்ட கோடி அது. ஆண்டு நிறைந்த அன்றே தளம் அவருக்குச் செய்தி அனுப்பியது: "சென்ற ஆண்டு வாங்கிய அதே சேலை மீண்டும் வந்துவிட்டது! உங்கள் வீட்டில் அடுத்து யாருக்கு?" அவர் கடைக்கு வந்தார். சத்தம் போடவில்லை. "இன்னா சார் இது. அடுத்து யாருக்குன்னு கேட்டுக்கீது உங்க கடை. வூட்ல மீதி கீறது நைனாவும் நானும்தான். யாரைச் சொல்லட்டும், நீயே சொல்லு" என்றார்.

5. ஜூலை 19 முதல் இன்றுவரை: அரக்குக் கரை போட்ட மாம்பழ நிறப் பட்டுச் சேலை ஒன்று என் கைபேசியில் எதைத் திறந்தாலும் வந்து நிற்கிறது. செய்தித்தாளிலும் நிற்கிறது, பஞ்சாங்கத்திலும் நிற்கிறது. கீழே "உங்களுக்காகவே காத்திருக்கிறது" என்று எழுதியிருக்கிறது. இந்த விளம்பரம் உடனே நீக்கப்பட வேண்டும்.

மேற்கண்ட ஐந்துக்கும், குறிப்பாகக் கடைசி இரண்டுக்கும், ஆகஸ்ட் 8ஆம் தேதிக்குள் எழுத்தில் விளக்கம் தேவை. தவறினால் தளத்துக்கும் கடைக்கும் உள்ள இணைப்பை நானே துண்டிப்பேன்.

இப்படிக்கு,
அய்யாதுரை


கோயம்புத்தூர்,
5 ஆகஸ்ட் 2025

அன்புள்ள அத்தானுக்கு,

இங்கே நாங்கள் நலம். உங்கள் கடிதத்தைப் படித்தபின் கொஞ்சம் நலம் குறைவு. என் பள்ளிக்கூட நாளிலிருந்து என்னை "நீ" என்றே அழைத்தவர், "நீங்கள்" என்று எழுதியிருக்கிறீர்கள். ஐந்து குறைகளையும்விட அதுதான் உறைத்தது.

முதல் மூன்றும் என் கவனக்குறைவு. வார இதழ் விளம்பரத்தை மீண்டும் கொடுத்துவிட்டேன். சந்திரிகா டீச்சரிடம் போனில் மன்னிப்புக் கேட்டேன். "என் அளவை உங்க மிஷின் எப்போப்பா எடுத்துச்சு?" என்று சிரித்தார்.

நான்காவது கவனக்குறைவு அல்ல, குற்றம். தளம் பில்லை மட்டுமே பார்க்கிறது. ஒரே சேலை, பேரம் இல்லை, கொஞ்ச நேரத்தில் பணம் கட்டிவிட்டுப் போனவர். அதன் கணக்கில் அவர் தயங்காமல் வாங்கும் நல்ல வாடிக்கையாளர். எது கோடி, எது கொண்டாட்டம் என்று அதற்கு யாரும் சொல்லித்தரவில்லை. அத்தான், நீங்கள் சொல்லித்தாருங்கள். கோடி வாங்க வருபவரை எப்படி அடையாளம் காண்பது என்று எழுதினால், அப்படியே அதற்குக் கற்பிக்கிறேன். பிறகு எந்தத் துக்க வீட்டுக்கும் நம் செய்தி போகாது.

ஐந்தாவது மட்டும் எனக்குப் புரியவில்லை. நம் கடையின் இணையப் பக்கத்தில் ஒரு சேலையைத் திரும்பத் திரும்பப் போய்ப் பார்ப்பவர்களைத்தான் அதன் விளம்பரம் தொடரும். அந்த மாம்பழப் பட்டை நீங்கள் அடிக்கடி பார்க்கிறீர்களா? ஏன்?

அக்கா போனை எடுப்பதில்லை. எடுத்தாலும் இரண்டு வார்த்தையில் வைத்துவிடுகிறாள். கேட்டதாகச் சொல்லுங்கள்.

அன்புடன்,
சுரேஷ்


மயிலாப்பூர்,
14 ஆகஸ்ட் 2025

மைத்துனர் அவர்களுக்கு,

உங்கள் கடிதம் கெடுவுக்குள் வந்து சேர்ந்தது. நலம் விசாரித்தமைக்கு நன்றி. உங்கள் அக்காவுக்குத் தொண்டை சரியில்லை, அவ்வளவே.

கேட்டவற்றை எழுதுகிறேன். கோடி வாங்க வருபவர் பெரும்பாலும் தனியாக வருவார், அல்லது இரண்டு ஆண்கள் வருவார்கள். சேலையை விரித்துக் காட்டச் சொல்ல மாட்டார்கள். முந்தானையைப் பார்க்க மாட்டார்கள். ரவிக்கைத் துணி பொருந்துகிறதா என்று கேட்க மாட்டார்கள். விலை கேட்டாலும் காதில் வாங்க மாட்டார்கள். முதலில் கைபட்டதை எடுத்துக்கொள்வார்கள், அல்லது வரும்போதே ஒன்றை மனத்தில் வைத்துக்கொண்டு வந்து அது இருக்கிறதா என்று மட்டும் கேட்பார்கள். அவர்களுக்குக் கடைப் பெயர் போட்ட பை தருவதில்லை. வெறும் பையில் தருகிறோம். மஞ்சள் குங்குமப் பொட்டலம் வைப்பதில்லை. புறப்படும்போது "மறுபடி வாங்க" என்று சொல்வதில்லை. உங்கள் தந்தையார் காலம்தொட்டு இதுவே நம் கடை வழக்கம். பில் போடும்போது அவர்களின் தொலைபேசி எண்ணைக் கேட்காதிருந்ததும் வழக்கமாகவே இருந்தது. எல்லோரிடமும் எண் வாங்க வேண்டும் என்று சென்ற ஆண்டு மாற்றியது நீங்கள்; அந்த எண்களைத் தளத்திடம் கொடுத்ததும் நீங்கள்.

செவ்வாய்க்கிழமை அடையாற்றில் ஒரு வேலை இருந்ததால் மேலாளர் நெடுஞ்செழியன் கடையைப் பார்த்துக்கொண்டான். ஆகவே இக்கடிதம் தாமதம்.

ஐந்தாம் குறைக்கு நீங்கள் விடை தரவில்லை; கேள்வி கேட்டிருக்கிறீர்கள். சேலை இன்றும் காலையில் வந்து நின்றது.

அய்யாதுரை


கோயம்புத்தூர்,
23 ஆகஸ்ட் 2025

அன்புள்ள அத்தானுக்கு,

நலம். அக்காவின் தொண்டை இப்போது எப்படி?

நீங்கள் எழுதியதை வரிக்கு வரி தளத்துக்குச் சொல்லிக்கொடுத்தோம். பழைய பில்களை எல்லாம் மறுபடி வாசிக்க வைத்தோம். கோடி என்று சந்தேகிக்கும் ஒவ்வொருவரையும் அது தனியே பிரித்து, "செய்தி அனுப்பாதே" என்று ஒரு பட்டியலில் சேர்த்தது. எத்தனை வீடுகள், அத்தான். இனி பில் போடும் இடத்திலும் எண் கேட்காமல் விட ஒரு பொத்தான் இருக்கும். உங்கள் வழக்கம் திரும்பி வந்துவிட்டது.

மற்றவர்களுக்குப் போகும் செய்திகளும் குறைந்துவிட்டன. யாருக்கு எது வேண்டும், எப்போது வேண்டும் என்று பார்த்து அனுப்புகிறது. மயிலாப்பூர், மந்தைவெளிப் பெண்கள் மதியச் சாப்பாட்டுக்குப் பின்தான் சேலை பார்க்கிறார்களாம், வெள்ளிக்கிழமை வந்து வாங்குகிறார்களாம். அந்த நேரத்துக்கு மாற்றியதும் ஆடிக் கடைசி வாரத்தில் கூட்டம் கூடியதை நெடுஞ்செழியன் சொல்லியிருப்பான்.

டில்லிபாபுவுடன் பேசினேன். "சரி வுடு சார், மிஷினுக்கு அக்கா தங்கச்சி இருந்தா தெரிஞ்சிருக்கும்" என்றார்.

அடையாற்றில் உங்களுக்கு என்ன வேலை?

அன்புடன்,
சுரேஷ்


மயிலாப்பூர்,
30 ஆகஸ்ட் 2025

மைத்துனர் அவர்களுக்கு,

இங்கு நலம். அங்கும் அவ்வாறே இருக்க விழைகிறேன்.

வெள்ளிக்கிழமைக் கூட்டம் உண்மை. ஒரு பெண்மணி தாம் தேடிக்கொண்டிருந்த பாசிப்பச்சைச் சேலையை நம் செய்தியில் கண்டதாகச் சொல்லி நேராக வந்து வாங்கிச் சென்றார். பொருளாதாரம் படித்தவன் என்ற முறையில் இதன் பயனை நான் மறுக்கவில்லை. நான் எதிர்ப்பது அதன் நாகரிகமின்மையை. அதில் ஓரளவு சீர்திருத்தம் தெரிகிறது என்பதையும் பதிவு செய்கிறேன். இனாயத்தும் இப்போது கேலி செய்வதில்லை. "எனக்கும் ஒண்ணு மாட்டிவுடச் சொல்லுங்க முதலாளி, ஓரம் தைக்க யார் வருவாங்கன்னு அது சொன்னா நான் பாட்டுக்குத் தூங்குவேன்" என்கிறான்.

மாம்பழப் பட்டின் விளம்பரம் நிற்கவில்லை. நேற்று, ஓரிடத்தில் வரிசையில் அமர்ந்திருந்தபோது, உங்கள் அக்கா நேரம் பார்க்க என் கைபேசியை வாங்கினாள். "உங்களுக்காகவே காத்திருக்கிறது" என்று அவள் கையிலேயே வந்து நின்றது. இதை நான் மன்னிப்பதாக இல்லை.

அய்யாதுரை


கோயம்புத்தூர்,
4 செப்டம்பர் 2025

அத்தான்,

இந்தக் கடிதத்தைக் கடை முகவரிக்கு அனுப்பவில்லை, வீட்டுக்கு அனுப்புகிறேன். நீங்கள் தனியாக இருக்கும்போது படியுங்கள்.

கடைக்கு வருபவர்களைப் போலவே, இணையத்தில் சேலை பார்ப்பவர்களிலும் துக்கத்தில் இருப்பவர்களை ஒதுக்கச் சொல்லித் தளத்துக்குக் கற்பித்தோம். அது நேற்று ஒருவரைப் புதிதாக "செய்தி அனுப்பாதே" பட்டியலில் சேர்த்தது. இன்னும் எதுவும் வாங்காதவர். நூற்றுக்கணக்கான சேலைகளில் ஒன்றை மட்டும் தினமும் திறக்கிறார். முந்தானைப் படத்தைத் திறப்பதில்லை. ரவிக்கை பார்ப்பதில்லை. விலையைப் பார்ப்பதில்லை. இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடுகிறார். அது கண்டுகொண்ட அடையாளங்கள் எல்லாம் நீங்கள் எழுதிக்கொடுத்தவை.

எண்ணைப் பார்த்தேன். உங்கள் எண்.

அடையாறு, வரிசை, தொண்டை. அத்தான், அக்காவுக்கு என்ன?

சுரேஷ்


கோயம்புத்தூர்,
10 செப்டம்பர் 2025

அத்தான்,

பதில் இல்லை. போன் செய்தால் துண்டிக்கிறீர்கள். அக்காவிடம் கேட்டேன், "ஒண்ணுமில்லடே, ஒங்க அத்தானுக்குத்தான் ஆடித் தள்ளுபடியில தூக்கம் போச்சு" என்கிறாள். நான் ரயில் ஏறிவிடட்டுமா? ஒரு வரி எழுதுங்கள், போதும்.

சுரேஷ்


மயிலாப்பூர்,
12 செப்டம்பர் 2025

அன்புள்ள சுரேஷ்,

ரயில் ஏறாதே. பண்டிகையும் இல்லாமல் விசேஷமும் இல்லாமல் உன்னை வாசலில் கண்டால் அவள் வேறு பொருள் கொள்வாள்.

உன் அக்கா தங்கபுஷ்பத்துக்கு இடது மார்பில் ஒரு கட்டி. ஆடி பிறந்த மறுநாள் அவளே கண்டுபிடித்தாள். உன்னிடம் சொல்லக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கினாள். ஆகஸ்டில் படங்கள் எடுத்தார்கள். அவை எதையும் உறுதியாகச் சொல்லவில்லை. சென்ற வாரம் அடையாறு மருத்துவமனையில் கட்டியை அகற்றிப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். புற்றா இல்லையா என்பது 19ஆம் தேதி தெரியும். மயக்கத்திலிருந்து விழித்ததும் அவள் கேட்ட முதல் கேள்வி, "கடையைத் திறந்தாச்சா?"

சேலையைப் பற்றிக் கேட்டாய். கட்டியைக் கண்ட மறுநாள் கடைக்கு வந்தவள், மூன்றாம் அலமாரியில் அந்த மாம்பழப் பட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டு என்னிடம் சொன்னாள்: "எனக்கு ஒண்ணுன்னா தம்பி கையால இதைப் போடச் சொல்லுங்க. சும்மா போர்த்தத்தானேன்னு மலிவா எதையாவது எடுத்துராதிய." சொல்லிவிட்டுச் சிரித்தாள்.

அதை எடுத்து ஒளித்துவைக்கலாம். ஆனால் ஒளித்துவைப்பது, அவள் சொன்னதை நான் ஒப்புக்கொள்வதாகும். வேறு யாராவது வாங்கிப் போய்விடட்டும் என்று காத்திருந்தேன். அந்த அலமாரி முன் தினமும் போய் நின்றால் நெடுஞ்செழியன் காரணம் கேட்பான். ஆகவே கைபேசியில் பார்த்தேன், விற்றுவிட்டதா என்று. ஒவ்வொரு நாளும் அது இருந்தது. நான் பார்க்கப் பார்க்க அதுவும் என்னைத் தொடர்ந்து வந்தது. டில்லிபாபுவிடம் "அடுத்து யாருக்கு" என்று கேட்டதை, சுரேஷ், நான் வேறுவிதமாகப் படித்தேன்.

இயந்திரம் சரியாகவே கணித்திருக்கிறது. நானே கற்பித்ததால் அதைக் கோபித்துக்கொள்ளவும் வழியில்லை.

உன்,
அய்யாதுரை அத்தான்


கோயம்புத்தூர்,
14 செப்டம்பர் 2025

அத்தான்,

இதை நீங்கள் ஜூலையிலேயே எழுதியிருக்க வேண்டும். அந்தச் சண்டையை நேரில் வந்து போட்டுக்கொள்கிறேன்.

விளம்பரம் இனி உங்கள் கண்ணில் படாது. "காத்திருக்கிறது" என்ற வாசகத்தை எல்லாச் சேலைகளிலிருந்தும் எடுத்துவிட்டேன்.

ஆனால் சேலை கடையில் இருக்கிறதே. நேற்று எல்லா வேலையையும் நிறுத்திவிட்டுத் தளத்திடம் ஒரே ஒரு காரியத்தை ஒப்படைத்தேன்: இந்தச் சேலையை விற்பது. சென்னையில் மாம்பழ நிறத்தைத் தேடுபவர்கள் யார், அரக்குக் கரையை நின்று பார்ப்பவர்கள் யார், வளைகாப்புக்குச் சேலை தேடும் வீடுகள் எவை என்று அது தேடிக்கொண்டிருக்கிறது. அடையாறு, பெசன்ட் நகர்ப் பக்கம் சிலரைக் காட்டுகிறது. மதியம் சாப்பாட்டுக்குப் பின் அவர்களுக்குப் போகும். விலையைக் குறைக்கவில்லை. மலிவாகப் போனால் அக்கா என்னை விடமாட்டாள்.

19ஆம் தேதி நான் போனைக் கையை விட்டு வைக்க மாட்டேன்.

சுரேஷ்


மயிலாப்பூர்,
20 செப்டம்பர் 2025

அன்புள்ள சுரேஷ்,

நேற்றுத் தொலைபேசியில் நாம் இருவரும் உருப்படியாக எதுவும் பேசவில்லை என்பதால் நடந்ததை முறைப்படி எழுதுகிறேன்.

18ஆம் தேதி மாலை சாஸ்திரி நகரிலிருந்து ஓர் அம்மாள், ஏழு மாதக் கர்ப்பிணியான தம் மகளுடன் கைபேசியைப் பிடித்தபடி வந்தார். "இந்தச் சேலை இருக்கா?" என்று கேட்டார். கோடி வாங்க வருபவர் கேட்கும் அதே கேள்வி. பிறகு அவர் அதை முழுவதும் விரிக்கச் சொன்னார். முந்தானையை மகளின் தோளில் போட்டு வெளிச்சத்துக்கு அழைத்துச் சென்றார். ரவிக்கைத் துணி ஒரு சாயல் மங்கல் என்றார். கரையில் நூல் பிசிறு என்றார். விலையைக் கேட்டுவிட்டு, "இதே சேலை பக்கத்துத் தெருல எவ்வளவு தெரியுமா?" என்று அமர்ந்துவிட்டார். பேரம் நெடுநேரம் நீண்டது. அந்த அம்மாள் பேசப் பேச என் மனம் இலேசாகிக்கொண்டே போனது. நெடுஞ்செழியன் குறுக்கே வந்து முடிக்கப் பார்த்தான். நான் அவனை அனுப்பிவிட்டேன். பெயர் போட்ட பையில், மஞ்சள் குங்குமம் வைத்து நானே கொடுத்தேன். "மறுபடி வாங்க" என்று இரண்டு முறை சொன்னேனாம். இனாயத் எண்ணிச் சொன்னான்.

19ஆம் தேதி காலை மருத்துவர் தாளைப் புரட்டிப் பார்த்துவிட்டு, புற்று இல்லை, சாதாரணக் கட்டி, தையல் பிரித்ததும் வழக்கம்போல் இருக்கலாம் என்றார். உன் அக்கா, "அப்ப ரெண்டு மாசமா எனக்குப் பத்தியச் சாப்பாடு போட்டது எதுக்கு?" என்று என்னைக் கேட்டாள். வெளியே வந்ததும் ஆட்டோ பிடித்தோம். ஓட்டுநர் யாரென்று பார்க்கவில்லை. இறங்கும்போது எவ்வளவு கொடுத்தேன் என்றும் தெரியவில்லை. அவர் பின்னால் ஓடிவந்து மீதியைத் திருப்பித் தந்தார்.

உன் தளத்தின் இணைப்பைத் துண்டிப்பதாக எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன்.

நலமுடன்,
அத்தான்


மயிலாப்பூர்,
3 அக்டோபர் 2025

மைத்துனர் திரு. சுரேஷ்குமார் அவர்களுக்கு,

இங்கு நான் ஒருவனைத் தவிர அனைவரும் நலம். உங்கள் இல்லத்தாரின் நலமறிய ஆவல். கீழ்க்கண்டவை உங்கள் பார்வைக்கு:

1. செப்டம்பர் 28: தையல் பிரித்த உங்கள் அக்கா கடைக்கு வந்தார். மூன்றாம் அலமாரியைத் திறக்கச் சொன்னார். தீபாவளிக்கு மாம்பழப் பட்டைத் தாமே உடுத்திக்கொள்ளப் போவதாக அறிவித்தார். சேலை இல்லை.

2. அதே நாள்: அதை விற்றது யார் என்று விசாரணை நடந்தது. நெடுஞ்செழியன் என்னைக் காட்டினான். நான் உங்களைக் காட்டினேன்.

3. செப்டம்பர் 29: காலைச் சிற்றுண்டியின்போது அவர் கூறியது சொல்லுக்குச் சொல்: "செத்தா போர்த்த ஒரு சேலை வச்சிருந்திய. உசுரோட இருக்கேன்னதும் வித்துட்டியளே."

4. செப்டம்பர் 30 முதல் இன்றுவரை: வீட்டில் பேச்சு நின்றுவிட்டது. பத்தியச் சாப்பாடு இப்போது எனக்குப் போடப்படுகிறது.

ஊர் முழுவதும் தேடி அந்தச் சேலைக்கு ஆள் கண்டுபிடித்த உங்கள் தளம், இப்போது அதே மாம்பழ நிறம், அதே அரக்குக் கரையில் இன்னொரு சேலையைக் காஞ்சிபுரத்திலோ ஆரணியிலோ எங்கிருந்தாலும் கண்டுபிடிக்க வேண்டும். ரவிக்கைத் துணி மங்கலாக இருக்கக் கூடாது. முந்தானையை விரித்துப் பார்த்து வாங்க வேண்டும். விலையில் நீங்கள் நன்றாகச் சண்டை போட்டிருக்க வேண்டும். தீபாவளிக்கு முன்பாகப் பிறந்த வீட்டுத் தம்பி அதைத் தம் கையால் கொண்டுவந்து கொடுக்க வேண்டும் என்பது உங்கள் அக்காவின் நிபந்தனை. இம்முறை உங்களை வாசலில் கண்டால் அவர் தவறாகப் பொருள் கொள்ள மாட்டார்.

எந்த ரயிலில் வருகிறீர்கள் என்பதையும், சேலை உடுத்துவதற்கே என்பதையும் தெளிவாகக் குறிப்பிட்டு, அக்டோபர் 10ஆம் தேதி மாலைக்குள் எழுத்து மூலம் பதில் வந்து சேர வேண்டும்.

இப்படிக்கு,
அய்யாதுரை